முற்றத்தில் கிணறு இருந்தும்: நெல் அவித்த சுடுநீரால் எரிகாயமுற்ற குழந்தை பற்றிய நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து நீரால் விளையும் வயல்களை அண்டிய கிராமமொன்றில், காலபோக அறுவடை முடிந்திருந்த மாசி மாதத்து மாலையொன்றில், இரண்டு வயதும் நான்கு மாதங்களும் நிறைந்த ஆண் குழந்தையொன்று நெல் அவித்து வடித்த சுடுநீருக்குள் விழுந்தது. நான் தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றும் பிரதேச வைத்தியசாலைக்கு அக்குழந்தையைக் கொண்டுவந்தபோது விபத்து நடந்து 55 நிமிடங்கள் கடந்திருந்தன. அந்த 55 நிமிடங்களுக்குள் வீட்டில் என்ன செய்யப்பட்டது, எது செய்யப்படாமற் போயிற்று, அன்பும் அக்கறையும் நிறைந்த ஒரு குடும்பம் ஏன் அவ்வாறு நடந்துகொண்டது என்பனவே இங்கு என் அக்கறை. குடும்பத்தாரின் சம்மதத்துடனேயே எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விலக்கியிருக்கிறேன்.

நடந்தது

எங்கள் பக்கத்தில் நெல் அவிப்பது வீட்டு முற்றத்திலேயே நடக்கும் வேலை. முதல் நாளே ஊறவைத்த நெல்லைக் கிடாரத்திலோ வெட்டிய அரைப் பரலிலோ இட்டு, உமி வெடிக்கும்வரை அவித்து, நீரை வடித்து, பாயிலோ படங்கிலோ பரவிக் காயவைப்பார்கள். அன்று குழந்தையின் அம்மம்மா இரண்டாம் கிடாரத்தை இறக்கி, வடித்த நீரை அகன்ற சருவச்சட்டியொன்றில் விட்டு, அதை அடுப்புக் கல்லருகே தரையில் வைத்துவிட்டு நெல்லைக் கடகத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். தாய் வீட்டின் பின்புறத்தில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். கோழிக்குஞ்சைத் துரத்தி ஓடிவந்த குழந்தை சட்டியின் விளிம்பில் தடக்கி, வலக்கையை ஊன்றியபடி, வலப்பக்கம் சரிந்து விழுந்தது. அப்போது ஏறத்தாழ மாலை 4.10 மணி.

குழந்தை நீண்ட கைச் சட்டையும் பம்பஸும் அணிந்திருந்தது. வலது மணிக்கட்டில் வெள்ளிக் காப்பு இருந்தது. அம்மம்மா உடனே தூக்கியெடுத்துச் சட்டையைத் தலைவழியாக இழுத்துக் கழற்றினார். பம்பஸைக் கழற்ற வேண்டுமென யாருக்கும் தோன்றவில்லை. ஓடிவந்த தாய் வாளியைக் கையிலெடுத்தபோது, "பிள்ளை, தண்ணி ஊத்தாதை, கொப்பளிச்சுப்போகும்" என்று அம்மம்மா தடுத்தார். வீட்டிலிருந்த பற்பசை முழுவதும் கையிலும் முன்னங்கையிலும் பூசப்பட்டது. அத்துடன் பற்பசை தீர்ந்துவிட்டதனால் விலாவும் தொடையும் எதுவும் பூசப்படாமல் எஞ்சின. அயல்வீட்டுப் பெண் முட்டை எடுத்துவரப் போனார்.

4.25 மணியளவில் ரியூசன் வகுப்பு முடிந்து வந்த, ஏழாம் ஆண்டில் படிக்கும் அக்கா, நிலைமையைக் கண்டவுடன் கிணற்றடிக்கு ஓடி வாளியில் நீரள்ளி வந்தாள். "அம்மம்மா, தண்ணிதான் ஊத்த வேணும், எங்கட ரீச்சர் சொல்லித் தந்தவ" என்று அவள் அழுதபடி வாதாடியதைத் தாய் என்னிடம் சொன்னபோது அவருடைய குரலும் தழுதழுத்தது. தாய் மகளின் பக்கம் நின்றார். தொடையிலும் விலாவிலும் பேணியால் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். ஆறேழு நிமிடங்களில் குழந்தை நடுங்கத் தொடங்கியதும், காய்ச்சல் வந்துவிடும் என்ற பயத்தில் நிறுத்தினார்கள். பற்பசை கழுவுண்டு போகும் என்பதற்காகக் கையில் நீர் ஊற்றப்படவேயில்லை. மாமாவின் மோட்டார் சைக்கிளில், சாரத்தால் சுற்றிய குழந்தையைத் தாய் மடியில் வைத்தபடி, கிறவல் வீதியால் எங்களிடம் வந்து சேர்ந்தபோது மணி 5.05.

வைத்தியசாலையில்

முதலில் எங்கள் பக்கத்துத் தவறொன்றைச் சொல்லிவிட வேண்டும். குழந்தையைக் கண்டவுடன் நான் கேட்ட கேள்வி "என்ன பூசினீங்கள்?" என்பதுதான், "எத்தினை மணிக்கு நடந்தது?" என்று கேட்கவில்லை. என் கையும் எரிகாயக் களிம்பு இருந்த அலுமாரியை நோக்கியே போனது. விபத்து நடந்த நேரத்தை மருத்துவர் கேட்டறிந்து, இன்னும் மூன்று மணித்தியாலம் ஆகவில்லை, முதலில் குழாயடிக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்ன பின்னரே நான் நிதானத்துக்கு வந்தேன். ஆபத்துக் கண்டவுடன் எதையாவது எடுத்துப் பூச வேண்டும் என்று கை துடிப்பது அம்மம்மாவுக்கு மட்டும் உரிய குறையன்று. வெள்ளிச் சேர்வை கலந்த அந்தக் களிம்பை அவசரப்பட்டுப் பூசினால் காயத்தின் நிறம் மறைந்துவிடும். அனுப்பப்படும் வைத்தியசாலையில் ஆழத்தைக் கணிப்பது கடினமாகும்.

நோவுக்கு மருந்து கொடுத்து, மின்விசிறியை நிறுத்தி, காயமில்லாத உடற்பகுதிகளைத் துவாயாலும் தாயின் சேலையாலும் போர்த்தியபடி, காயப்பட்ட இடங்களில் மட்டும் குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிட்டோம். பற்பசை காய்ந்து ஓடுபோலப் பிடித்திருந்ததால் அது கரைந்து போக நெடுநேரம் பிடித்தது. அதனோடு சேர்ந்து மேற்தோலும் சில இடங்களில் உரிந்தது. பம்பஸை வெட்டியெடுத்தபோது அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்ததை நான் கையால் உணர்ந்தேன். நீரை உறிஞ்சி வைத்திருப்பதற்கென்றே செய்யப்பட்ட அந்தப் பஞ்சு சுடுநீரையும் அவ்வாறே உறிஞ்சி, கவட்டுப் பகுதியின் தோலோடு ஒட்ட வைத்திருந்தது. கை வீங்கிவிட்டதனால் வெள்ளிக் காப்பைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுக்க நேர்ந்தது. விபத்து நடந்த முதல் நிமிடத்தில் அது எளிதாகக் கழன்றிருக்கும்.

காயத்தின் பரப்பைக் கணிக்கும்போது, விரல்களும் சேர்ந்த குழந்தையின் சொந்த உள்ளங்கை அதன் உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம் என்ற அளவையே கொண்டோம். முதற் பார்வையில் 12 சதவீதம் போலத் தோன்றியது. வெறும் சிவப்பு மட்டும் உள்ள இடங்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதால் அவற்றைக் கழித்தபோது 9 சதவீதமாகியது. குழந்தைகளில் 10 சதவீதத்தைத் தொட்டால் நாளத்தினூடாகத் திரவம் ஏற்ற வேண்டிவரும் என்பதனால் இந்த வேறுபாடு அற்பமானதல்ல. எனினும் கையும் கவட்டுப் பகுதியும் காயப்பட்டிருந்தமையால், பரப்பு எவ்வளவாயினும் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பியே ஆக வேண்டும். நிலைமையைச் சீராக்கி, காயத்தை மெல்லிய பிளாஸ்திக் படலத்தால் இறுக்காமல் மூடி, அம்புலன்ஸில் அனுப்பிவைத்தோம்.

தொடையும் விலாவும் இரண்டு வாரங்களுக்குள் ஆறின. புறங்கையும் மணிக்கட்டும் ஆறவில்லை. மூன்றாம் வாரத்தில் தோல் ஒட்டுச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

நீர் ஊற்றிய தொடை ஆறியது, பற்பசை பூசிய கை ஆறவில்லை என்று இதை ஓர் ஒப்பீடாக வாசித்துவிட வேண்டாம். குழந்தை ஊன்றிய கைதான் நீருக்குள் கூடுதலான நேரம் அமிழ்ந்திருந்தது. நீண்ட கைச் சட்டை அந்தச் சூட்டைத் தோலோடு பிடித்து வைத்திருந்தது. குழந்தையின் புறங்கைத் தோலோ மிக மெல்லியது. கை தொடக்கத்திலேயே ஆழமாக வெந்திருக்கக்கூடும். ஆனால் நீர் ஊற்றப்படாத அந்தக் கால் மணித்தியாலமும், அதன் பின் கைக்கு மட்டும் நீர் கிடைக்காமற் போன இன்னுமொரு 40 நிமிடமும் கையின் பக்கம் நிற்கவில்லை என்பது மட்டும் உறுதி.

20 நிமிடம் ஏன்?

தோலின் வெப்பம் சுமார் 44 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அதன் கலங்கள் சேதமடையத் தொடங்குகின்றன. 60 பாகை நீர் வளர்ந்தவர் ஒருவரின் தோலையே ஏறத்தாழ ஐந்து விநாடிகளில் ஆழமாக வேகவைக்கும். அடுப்பிலிருந்து சற்றுமுன் இறக்கிய நீரோ அதைவிட மிகச் சூடானது. சூட்டுப் பொருளை விலக்கியவுடன் சூடு நின்றுவிடும் என்று நாம் எண்ணுகிறோம், ஆனால் தோலுக்குள் சென்ற வெப்பம் உள்நோக்கிப் பரவிக்கொண்டேயிருக்கும். அவித்த மரவள்ளிக் கிழங்கை இறக்கி வைத்த பின்னும் அதன் நடுப்பகுதி நெடுநேரம் கையைச் சுடுவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எரிகாயத்தை ஜாக்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1953 இல் மூன்று வலயங்களாகப் பிரித்துக் காட்டினார். மையத்தில் ஏற்கெனவே இறந்துபோன இழையம். வெளியோரத்தில் சிவந்து தானே ஆறிவிடும் பகுதி. இவ்விரண்டுக்கும் இடையில், குருதியோட்டம் தளர்ந்து, பிழைப்பதா இறப்பதா என்ற நிலையில் நிற்கும் வலயம். இந்த நடு வலயத்தின் தலைவிதி அடுத்த ஓரிரு நாட்களுக்குள் தீர்மானமாகிவிடுகிறது. ஓடும் குளிர்நீர் வெப்பத்தை வெளியே இழுத்தெடுக்கிறது. வீக்கத்தையும் நோவையும் குறைக்கிறது. அந்த நடு வலயத்தைக் காப்பாற்றவும் உதவுகிறது. இதற்கு 20 நிமிடம் தேவை. விபத்து நடந்து மூன்று மணித்தியாலங்களுக்குள் எப்போது செய்தாலும் பயன் உண்டு. முந்தினால் பயன் கூடுதல். எனவேதான் பிந்தி வந்த இந்தக் குழந்தையை நாங்கள் குழாயடிக்குக் கொண்டுபோனோம். வீட்டில் ஊற்றிய ஆறேழு நிமிடம் வீண்போனதாகவும் நான் கருதவில்லை. அந்தச் சிறுமி அன்று செய்த வேலையை எங்கள் மருந்தறையில் உள்ள எதுவும் அவளுக்குப் பதிலாகச் செய்திருக்க முடியாது.

தண்ணீர் பட்டால் கொப்பளிக்கும் என்ற அம்மம்மாவின் எண்ணம் அறியாமையில் பிறந்ததன்று. கண்ணால் கண்டதில் பிறந்தது. வெப்பத்தால் சேதமான நுண்குழாய்களிலிருந்து கசியும் பாயம் தோலின் இரண்டு படைகளுக்கிடையில் சேர்வதே கொப்புளம். அது சேர்வதற்குச் சில நிமிடங்களோ சில மணித்தியாலங்களோ எடுக்கும். நீர் ஊற்றும்போது இல்லாத கொப்புளம் ஊற்றி முடித்த பின் எழுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் நீர்மீது பழியைப் போட்டதில் வியப்பில்லை. ஊற்றாவிட்டாலும் அது எழும் என்பதைக் கண்டறிய யாரும் குழந்தையை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்க முடியாதல்லவா? இந்த விளக்கத்தை அவரருகில் அமர்ந்து சொன்னபோது அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, தன் தாயும் அப்படியே சொல்லி வளர்த்ததாகக் கூறினார்.

பற்பசையின் குளிர்ச்சி அதிலுள்ள மெந்தோல் தரும் உணர்வு மட்டுமே. வெப்பத்தை அது வெளியே எடுப்பதில்லை. மஞ்சள் காயத்தின் நிறத்தை மாற்றி ஆழத்தை மறைக்கிறது. எண்ணெயும் வெண்ணெயும் படிந்த தோலில் நீர் சரியாகப் படாது; பச்சை முட்டையின் வெண்கரு கிருமியைக் கொண்டுவரும். ஐஸ் கட்டியையும் தவிர்க்க வேண்டும்: அது குருதிக் குழாய்களைச் சுருக்கி, காப்பாற்ற வேண்டிய அந்த நடு வலயத்தையே பட்டினி போடுகிறது.

எங்கள் வீடுகளில் அதை எப்படிச் செய்வது?

20 நிமிடம் என்று சொல்வது எளிது. அலறும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நீர் ஊற்றும் தாய்க்கு இரண்டு நிமிடமே ஒரு யுகம். ஆகவே ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைச் சொல்ல வேண்டும், ஒருவர் ஊற்ற வேண்டும், ஒருவர் குழந்தையை மடியில் வைத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். நடுக்கம் கண்டால் நிறுத்திவிடாமல், காயமில்லாத உடம்பைத் துணியால் போர்த்தி, காற்றுப் படாத இடத்துக்கு நகர்த்தி, காயத்தில் மட்டும் தொடர வேண்டும். அதற்குப் பின்னும் சிறு குழந்தை நடுங்கி, சோர்ந்து, உடம்பு சில்லிட்டுப் போனால் ஊற்றுவதை நிறுத்திப் போர்த்தி வெப்பமாக வைத்திருப்பதே முக்கியம். பரந்த இடத்தில் வெந்திருந்தால் இந்த அவதானம் இன்னும் கூடுதலாகத் தேவை.

கிணற்றுநீர் போதும். வாளியும் பேணியும் இருந்தால் மெதுவாக, இடைவிடாமல் ஊற்றலாம். கூரைமேல் கறுத்தத் தண்ணீர்த் தாங்கி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பங்குனி, சித்திரை வெயிலில் பின்னேர வேளையில் அந்தக் குழாயிலிருந்து முதலில் வருவது வெந்நீர், அதைச் சற்று ஓடவிட்டுக் கையால் தொட்டுப் பார்த்த பின்னரே குழந்தையைப் பிடிக்க வேண்டும். ஆவணி, புரட்டாதியில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கி, பவுசர் வண்டியை எதிர்பார்த்திருக்கும் வீடுகளில் குடிநீர்ப் பரலிலிருந்தே எடுத்து ஊற்றலாம். அதற்கும் வழியில்லையெனில் சுத்தமான துணியை நனைத்து வைத்து, ஓரிரு நிமிடத்துக்கொருமுறை மாற்றிக்கொண்டிருப்பது இரண்டாம் தரமான வழி, ஆனாலும் வழிதான். கலங்கிய குளத்து நீரை, வேறு நீர் உள்ளவரை, தவிர்ப்பது நல்லது.

உடை, பம்பஸ், காப்பு, அரைஞாண் ஆகிய அனைத்தையும் நீர் ஊற்றத் தொடங்கும்போதே அகற்ற வேண்டும். தோலோடு உருகி ஒட்டிய துணியை மட்டும் இழுக்காமல், சுற்றிவர வெட்டிவிட வேண்டும். நீரூற்றி முடிந்த பின், சோற்றுப் பார்சல் கட்டும் புதிய லஞ்ச் சீற் போன்ற சுத்தமான மெல்லிய தாளைக் காயத்தின்மேல் விரிக்கலாம். கையாயின் புதிய பொலித்தீன் பையொன்றுக்குள் இடலாம். இல்லாவிடில் துவைத்துக் காய்ந்த பருத்திச் சீலை போதும். வீக்கம் ஏறும் என்பதால் எதையும் இறுக்கிச் சுற்றக்கூடாது. கொப்புளத்தைக் குத்தக்கூடாது. நோவுக்கு நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் பாணி கொடுக்கலாம்.

இலவச அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கத்தை அன்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. சுவசெரிய சேவை வட மாகாணத்துக்கு வந்தது 2018 இல்தான். அது மாரடைப்புக்கும் வீதி விபத்துக்கும் மட்டுமுரியது என்ற எண்ணம் இன்னும் எங்கள் ஊர்களில் உண்டு. வண்டி வரும்வரை காத்திருப்பது வீண்நேரம் என்று பதறுவோருக்கு நான் சொல்வது, அந்தக் காத்திருப்பு நேரமே நீர் ஊற்றும் நேரம் என்பதுதான். மோட்டார் சைக்கிளில் ஏறியதும் நீர் நின்றுவிடுகிறது.

ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல் நிலத்தில் படுத்து உருண்டு அணைத்து, அதன் பின் இதே நீர். பற்றரி அமிலமாயின் 20 நிமிடத்தைவிட நெடுநேரம் கழுவ வேண்டும். மின்சாரமாயின் இணைப்பைத் துண்டிக்கும் முன் ஆளைத் தொடவே கூடாது. வெளிக்காயம் சிறிதாயினும் வைத்தியசாலைக்கு வந்தாக வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றி எழுதப் புகுந்தால் அது தனியோர் ஆய்வாகும். வன்னியில் மின்சாரமில்லாத நீண்ட ஆண்டுகளை ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து எரித்த விளக்குகளோடு கழித்தவர்கள் நாங்கள். சாய்ந்தால் உருளாத தட்டையான இரு பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட பாதுகாப்பான குப்பி விளக்கை உருவாக்கிய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புரவை இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கிறேன். அவருக்கு 1998 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

குழந்தையின் சொந்த உள்ளங்கையைவிடப் பெரிதான காயம், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் உள்ள காயம், வெளிறியோ தோல்போலத் தடித்தோ நோவின்றி இருக்கும் காயம் ஆகியவற்றை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. நோவில்லை என்பது நல்ல அறிகுறியன்று. நரம்பு முனைகளும் வெந்துவிட்டன என்பதே அதன் பொருள். சிறிய காயமாயினும், அடுத்த சில நாட்களுக்குள் காய்ச்சலோ, உடம்பில் சிவந்த தடிப்போ, வாந்தியோ, வயிற்றோட்டமோ கண்டால், நள்ளிரவாயினும் குழந்தையைக் கொண்டுவர வேண்டும்.

பின்தொடர்தல்

ஆறு மாதங்களின் பின் நான் அவ்வீட்டுக்குச் சென்றேன். நெல் அவிக்கும் இடத்தைச் சுற்றிக் கிடுகால் இடுப்பளவு அடைப்புக் கட்டி, தட்டியொன்றைக் கதவாக வைத்திருந்தார்கள். வடித்த நீர் தரையில் வைக்கப்படுவதில்லை. சிறிய வாய்க்காலொன்றால் நேரே வாழையடிக்குப் போகிறது. அம்மம்மா குழந்தையை மடியில் வைத்து, வைத்தியசாலையில் காட்டிக்கொடுத்தபடி ஒட்டிய தோலை எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். இரவில் பலகைக் கட்டும் பகலில் இறுக்கக் கையுறையும் தவறாமல் அணிவிக்கிறார்கள். இருந்தும் சின்னவிரல் முழுதாக நிமிரவில்லை. வடு கையோடு சேர்ந்து வளராதென்பதால் வளர்ச்சி முடியும்வரை அவனைக் கண்காணிக்க வேண்டும். இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படவும் கூடும்.

"அண்டைக்கு உடனை ஊத்தியிருந்தா இந்த விரல் நிமிர்ந்திருக்குமோ, மிஸ்?" என்று அவர் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது அம்மா என்றேன், அதுதான் உண்மை. அவர் தலையசைத்துவிட்டு, விரலை மெதுவாகப் பிடித்து, சொல்லிக்கொடுத்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணி நிமிர்த்தத் தொடங்கினார்.